பிள்ளைகள் இருக்கும் வீட்டில் டிசம்பர்: கிறிஸ்துமஸுக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் எப்படி ஓடும் என்று அங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அரையாண்டுத் தேர்வு, மழை, வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல், பலகாரம், தையல்கடை, ஞாயிறு பள்ளி நாடக ஒத்திகை என்று எல்லாம் மூன்றரை வாரத்துக்குள் வந்து விழும். சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மாக்களும் அப்பாக்களும் ஞாயிறு பள்ளி விடும் நேரத்தில் வந்து நின்று, அங்கே ஆசிரியராக இருக்கும் என்னிடம் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே எண்ணம் ஓடுவதை நீங்களே பார்ப்பீர்கள். பெரியவர்கள் பாடுபட்டுப் பண்டிகையைத் தயார் செய்து பிள்ளைகள் முன்னால் வைப்பதைவிட, அந்தப் பாட்டிலேயே அவர்களுக்கு ஒரு பங்கு கொடுத்துவிட வேண்டும். அதற்கு நேரம் கிடைக்க வேண்டுமென்றால் வேறு சிலவற்றை விட்டுவிடத் துணிய வேண்டும்.

நவம்பர் கடைசியிலேயே "ஸ்டார் கட்டு, ஸ்டார் கட்டு" என்று பையன் நச்சரிக்கிறான். எப்போது ஆரம்பிக்கலாம்?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் ஆயத்தக் காலம். கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்பார்கள், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் அட்வெந்து. முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். பெரும்பாலான வீடுகளில் டிசம்பர் 1 அன்று ஸ்டார் ஏறிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நவம்பர் 24-ல் தொடங்கி டிசம்பர் 3-ல் முடியும். அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அந்தத் தேர் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் கிறிஸ்துமஸ் வேலை என்று வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய.

எந்த நாளாக இருந்தாலும் சரி, ஒரு நாளைக் குறித்து காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். நாள் தெரிந்துவிட்டால் நச்சரிப்பு பாதி குறையும். காத்திருப்பதே இந்தக் காலத்தின் சாரம், அதைப் பிள்ளையிடமிருந்து பிடுங்க வேண்டாம். கோயிலில் வாரம் ஒன்றாக ஏற்றும் மெழுகுதிரிகளை வீட்டிலும் வைக்கலாம். 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோகான் விக்கர்ன் என்ற போதகர், "கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ?" என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காகத்தான் இப்படித் திரிகளை ஏற்றத் தொடங்கினார். உங்கள் பையனின் கேள்வி புதிது இல்லை. நான்கு மெழுகுதிரியும் ஒரு எவர்சில்வர் தட்டும் போதும். ஏற்றுவது பெரியவர்கள், ஊதி அணைப்பது பிள்ளை.

அரையாண்டுப் பரீட்சை நடக்கும்போதே கேரலும் வருகிறது. படிக்க வைப்பதா, அனுப்புவதா?

ஒவ்வொரு வருஷமும் அதிகம் கேட்கப்படுவது இதுதான். தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு டிசம்பர் இரண்டாவது வாரத்தில் தொடங்கி கிறிஸ்துமஸுக்கு ஒன்றிரண்டு நாள் முன்புதான் முடிகிறது. கேரல் குழு சுற்றுவதும் அதே நாட்களில்தான். வேனில் ஸ்பீக்கரும் கீபோர்டும் டிரம்மும் ஏற்றிக்கொண்டு, சிவப்பு அங்கி போட்ட தாத்தாவோடு இரவு எட்டு மணிக்குக் கிளம்பினால், கடைசி வீட்டுக்கு வரும்போது ஒரு மணி தாண்டிவிடும்.

இரண்டில் ஒன்றைப் பிடித்து மற்றதை விடச் சொல்ல மாட்டேன். கேரலே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டால், அந்தப் பிள்ளை கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவில் கேட்கும் டிரம் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கும். நான் சொல்வது இது. முதலில், கேரல் குழுத் தலைவரிடம் எந்தத் தெருவுக்கு என்றைக்கு என்று கேட்டு எழுதி வையுங்கள். பல சபைகளில் பட்டியலே போட்டுக் கொடுக்கிறார்கள். உங்கள் தெருவுக்கு வரும் நாளுக்கு மறுநாள் என்ன பரீட்சை என்று பாருங்கள். அன்று மாலை சீக்கிரம் படிப்பை முடித்து, சாப்பிட்டு, எட்டரைக்குள் தூங்க வைத்துவிடுங்கள். வேன் சத்தம் கேட்டதும் எழுப்பினால் போதும். அரை மணி நேரம் விழித்திருந்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

குழுவோடு கூடப் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிற வயசு பத்துக்கு மேல். மறுநாள் பள்ளி இல்லாத ஒரே ஒரு ராத்திரி, பக்கத்துத் தெருக்களுக்கு மட்டும், தெரிந்த அண்ணன் அல்லது அக்கா பொறுப்பில் அனுப்புங்கள். பொதுத்தேர்வு எழுதப் போகிற பிள்ளைக்கும் இதே விதிதான். ஒரு ராத்திரிப் பாட்டு பத்தாம் வகுப்பைக் கெடுத்துவிடாது.

வீட்டிலிருக்கும் சின்னவர்களுக்கும் அன்று வேலை உண்டு. சுக்குக் காப்பிக்கு டம்ளர் எண்ணி வைப்பது ஒருவர், காணிக்கைக் கவரைத் தலைவர் கையில் கொடுப்பது ஒருவர், நாயைப் பின்பக்கம் கட்டுவது ஒருவர். குழுவினரிடமும் ஒரு விண்ணப்பம்: கைக்குழந்தையும் பரீட்சைப் பிள்ளையும் இருக்கும் வீடுகளைப் பத்து மணிக்குள் முடித்துவிட்டு, கல்லூரிப் பையன்கள் இருக்கும் வீடுகளைப் பின்னிரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எப்படியும் விழித்துத்தான் இருப்பார்கள்.

பலகாரம் சுடும்போது பிள்ளைகள் அடுப்படியில் நிற்கலாமா? எண்ணெய்ச் சட்டியை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பயம் சரியானது. பொரிக்கிற இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டதுபோல் எல்லை வையுங்கள். சட்டி அடுப்பில் இருக்கும்வரை அதற்குள் பிள்ளை கால் வைக்கக் கூடாது. ஆனால் பலகார வேலையில் முக்கால்வாசி அடுப்புக்கு வெளியேதான் நடக்கிறது.

கல்கல் பிள்ளைகளுக்கென்றே அமைந்த பலகாரம். மைதா, சர்க்கரை, தேங்காய்ப்பால் சேர்த்துப் பிசைந்த மாவில் கோலிக்குண்டு அளவு எடுத்து, புதுச் சீப்பிலோ முள்கரண்டியின் பின்பக்கத்திலோ வைத்து அழுத்திச் சுருட்ட வேண்டும். நாலு வயசுப் பிள்ளையாலும் முடியும். வடிவம் கோணலாக வந்தால் அப்படியே பொரித்துவிடுங்கள். திரும்பச் சுருட்டி "சரி" செய்தால் அதற்கப்புறம் பிள்ளை வராது.

முந்திரிக்கொத்துக்கு வறுத்த சிறுபயற்றைத் திரித்து, தேங்காய், எள், ஏலக்காய், சுக்குப் போட்டு, வெல்லம் அல்லது கருப்பட்டிப் பாகு ஊற்றிக் கிளறுகிறோம். பாகு எண்ணெயைப் போலவே சுடும், தோலில் ஒட்டியும் கொள்ளும். அதனால் பாகு ஊற்றும்போது பிள்ளைகள் வேண்டாம். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு உருட்டுவதற்குக் கூப்பிடுங்கள். உருட்டியதைக் காற்றாட உலர விட்டு, பிறகு பச்சரிசி மாவும் மஞ்சள்தூளும் கரைத்த மாவில் மூன்று மூன்றாக முக்கிப் பொரிப்பது பெரியவர்கள் வேலை.

அச்சு முறுக்கு பார்க்க அழகு, பிள்ளைக்கு ஆபத்து. அச்சு முதலில் எண்ணெயிலேயே காய வேண்டும். காய்ந்த அச்சை மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். மேல்விளிம்பு மூழ்கினால் மாவு கழன்று விழாது. இதையெல்லாம் தள்ளி நின்று பார்க்கட்டும். பதின்மூன்று, பதினான்கு வயசில் பிள்ளையின் நிதானம் பார்த்துக் கரண்டியைக் கையில் கொடுக்கலாம். பெண்பிள்ளைக்கு மட்டும் இல்லை, பையனுக்கும். பலகாரம் என்றால் அம்மாவும் ஆச்சியும் முதுகு ஒடிய உட்கார்வது, ஆண்கள் வந்து ருசி பார்ப்பது என்ற பழக்கம் மாற வேண்டுமானால் இந்த வயசில்தான் மாறும்.

அப்புறம், எத்தனை வகை? இரண்டு போதும். ஒன்று வீட்டுப் பலகாரம், ஒன்று பிள்ளைகள் சேர்ந்து செய்யக் கூடியது. மிச்சத்தைக் கடையில் வாங்குங்கள். தூத்துக்குடி மக்ரூனை வீட்டில் செய்து பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அந்தப் பதத்தில் நிற்பதற்கு ஊர்க் கைப்பக்குவம் வேண்டும். மூன்று, நாலு வயசுக்குக் கீழ் இருக்கும் பிள்ளைகளுக்கு முழு முந்திரி கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

கேக்குக்குப் பழம் ஊறப் போடும்போது ரம் சேர்க்க எங்களுக்கு விருப்பமில்லை. என்ன செய்வது?

ஆரஞ்சு அல்லது திராட்சைச் சாற்றில் ஊற வையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ரம்மில் ஊறிய பழம் மாதக்கணக்கில் இருக்கும், சாற்றில் ஊறியது இருக்காது. பிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் கேக் போட்டுவிட வேண்டும். வீட்டில் ஓவன் இல்லையென்றால், கலவையைத் தயார் செய்து கொண்டுபோனால் சுட்டுக் கொடுக்கும் பேக்கரிகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இயேசு பிறந்த தொழுவம் போலக் குடில் வைக்க ஆசை. கடையில் வாங்கிய செட் விலை அதிகம், பிள்ளைகளும் உடைத்துவிடுகிறார்கள்.

1223-ல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைத்த குடிலில் வைக்கோலும் நிஜ மாடும் கழுதையும்தான் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்தப் பிறப்பைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர் நினைத்தார். கைக்கு எட்டாத அலமாரியில் கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் அந்த நினைப்பு போய்விடுகிறது.

அட்டைப்பெட்டி, வைக்கோல், தென்னை ஓலை, ஆற்று மணல் போதும். பொம்மைகளைக் களிமண்ணில் பிள்ளைகளே செய்யட்டும். ஒட்டகம் நாய் மாதிரி இருந்தால் என்ன? புல்வெளிக்கு டிசம்பர் 12, 13 வாக்கில் ஒரு தட்டில் மண் பரப்பி, ஊற வைத்த கேழ்வரகையோ கோதுமையையோ தூவிவிடுங்கள். தினமும் தண்ணீர் தெளிப்பது சின்னவர் வேலை. பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சைப் பசேல் என்று நிற்கும். சரியாக 24-ஆம் தேதிக்குக் குடிலுக்குள் வைத்துவிடலாம். மழை விடாமல் பெய்தால் தட்டை வெளிச்சம் வரும் சன்னலோரம் மாற்றுங்கள். ஈரம் தேங்கினால் விதை அழுகிவிடும்.

குழந்தை இயேசுவை 24 இரவு வரை வைக்காமல் ஒளித்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். காலியாக இருக்கும் தொட்டிலைத் தினமும் வந்து எட்டிப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆவல் வேறு எதிலும் இல்லை. குழந்தையைப் பார்க்கக் காணிக்கையோடு வந்த ஞானிகளைத் தொலைவில், டிவிக்குப் பக்கத்திலோ புத்தக அலமாரியிலோ நிறுத்தி, நாளுக்கு ஒரு சாண் நகர்த்திக்கொண்டு வரலாம்.

அந்த ஞானிகள் உண்மையில் மூன்று பேர்தானா? டிசம்பர் 25 என்று பைபிளில் இருக்கிறதா? மகள் கேட்டாள், எனக்குத் தெரியவில்லை.

இரண்டுமே பைபிளில் இல்லை. மத்தேயு எழுதிய சுவிசேஷம் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று மூன்று காணிக்கைகளைச் சொல்கிறது. எத்தனை பேர் கொண்டுவந்தார்கள் என்று சொல்லவில்லை. பிறந்த தேதியும் எங்கும் இல்லை. ரோமாபுரியில் கி.பி. 336-லேயே டிசம்பர் 25-ஐப் பிறப்பு விழாவாக வைத்திருந்தார்கள் என்பதற்குப் பழைய பட்டியல் ஒன்று சான்று. "தேதி தெரியாது, பிறந்ததைக் கொண்டாட ஒரு நாள் வைத்துக்கொண்டோம்" என்று நேராகச் சொல்லுங்கள். பத்து வயசுக்கு அது நன்றாகவே புரியும்.

ஞாயிறு பள்ளி நாடகத்தில் என் மகளுக்கு மரியாள் வேஷம் கிடைக்கவில்லை. ஆடு வேஷமாம். இரண்டு நாளாக அழுகிறாள்.

அழட்டும், அது நியாயமான வருத்தம். "ஆடுதான் முக்கியம்" என்று கதை விட வேண்டாம், பிள்ளைக்கு அது பொய் என்று தெரியும். ஆசிரியரிடம் போய் வேஷத்தை மாற்றக் கேட்பதும் வேண்டாம். பல சபைகளில் நிதி கொடுப்பவர் வீட்டுப் பிள்ளைக்கும், நிறமாக இருக்கும் பிள்ளைக்குமே மரியாள் வேஷம் போய்க்கொண்டிருப்பது உண்மை. அப்படி நடப்பதாகத் தோன்றினால், ஜனவரியில், பண்டிகைச் சூடு தணிந்த பிறகு, எல்லாப் பிள்ளைகள் சார்பிலும் பேசுங்கள். பெத்லகேமில் பிரசவித்த பெண்ணுக்குப் பவுடர் பூசிய முகம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இதை ஆசிரியர்களாகிய நாங்கள்தான் முதலில் உணர வேண்டும்.

இப்போதைக்கு ஆட்டு வேஷத்துக்கான காதையும் வாலையும் அவளோடு உட்கார்ந்து செய்யுங்கள். பழைய துண்டு, பஞ்சு, பசை போதும். தேவதூதன் வேஷம் கிடைத்த பிள்ளையின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: தெர்மகோல் இறகை முதல் நாளே கட்டிப் பார்த்துவிடுங்கள். மேடையில் கழன்று விழுவது பெரும்பாலும் அதுதான். வசனம் மனப்பாடம் ஆகவில்லையென்றால் லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் அந்தப் பகுதியைத் தினமும் இரவு ஜெபத்தில் சேர்த்து வாசியுங்கள். தனியாக உருப்போட வேண்டிய தேவை இருக்காது.

கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமா என்று கேட்டால் என்ன சொல்வது?

நம் வீடுகளில் ராத்திரி புகைபோக்கி வழியாக வந்து பரிசு வைக்கும் தாத்தா கிடையாது. கேரலோடு ஆடிக்கொண்டு வந்து மிட்டாய் கொடுப்பவர்தான் நம் தாத்தா. ஆகவே பெரிய பொய் எதையும் காப்பாற்ற வேண்டிய நிலைமை நமக்கு இல்லை. ஐந்து வயசுக்குள் கேள்வியே வராது. பயம்தான் வரும், அந்தப் பிளாஸ்டிக் முகமூடியைப் பார்த்து அலறும் குழந்தையைப் போட்டோவுக்காகத் தாத்தா மடியில் உட்கார வைக்காதீர்கள்.

கேட்கிற வயசு வந்ததும் நிக்கொலாஸ் கதையைச் சொல்லுங்கள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா பட்டணத்து ஆயர். மூன்று பெண்மக்களைக் கட்டிக் கொடுக்க வழியில்லாத ஏழைத் தகப்பன் வீட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் பொன் முடிப்புகளைப் போட்டார் என்பது அவரைப் பற்றிய பழங்கதை. சீதனத்துக்குக் கடன் வாங்கும் ஊரில் வளரும் பிள்ளைக்கு அந்தத் தகப்பனின் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. அவர் திருநாள் டிசம்பர் 6.

அதற்கடுத்து, கொடுப்பவர் பக்கத்துக்குப் பிள்ளையை மாற்றிவிடுங்கள். பள்ளிகளிலும் வாலிபர் சங்கங்களிலும் விளையாடும் கிறிஸ்மா–கிறிஸ்சைல்டை வீட்டிலேயே வைக்கலாம். எல்லார் பேரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, யாருக்கு யார் என்று சொல்லாமல் 24 வரை ரகசியமாக உதவி செய்ய வேண்டும். தாத்தாவின் கண்ணாடியைத் துடைத்து வைப்பது, அண்ணனின் சைக்கிளுக்குக் காற்றடிப்பது, இப்படி. காசு செலவழிக்கக் கூடாது என்று மட்டும் விதி வையுங்கள்.

புதுத்துணி எப்போது எடுப்பது?

தைக்கக் கொடுப்பதானால் நவம்பருக்குள். டிசம்பர் முதல் வாரம் தாண்டினால் தையல்கடைக்காரர் துணியை வாங்கவே மாட்டார், வாங்கினாலும் 24 ராத்திரி காஜா எடுத்துக்கொண்டிருப்பார். ரெடிமேடு என்றால் பரீட்சை தொடங்கும் முன் ஒரு நாள் காலையில், கடை திறந்ததும் போய்விடுங்கள். பிள்ளைக்கு இரண்டு சட்டை காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இருபது காட்டினால் சாயங்காலம் வரை கடையிலேயே இருப்பீர்கள்.

மழையில் ஸ்டார், சீரியல் செட்டெல்லாம் எரிவது பாதுகாப்பா?

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் இருக்கும் என்பதை மறந்துவிட்டுத்தான் மொட்டைமாடியில் வயரை இழுக்கிறோம். ஒட்டுப்போட்ட வயர் வெளியில் வேண்டாம். பிளக் வீட்டுக்குள் இருக்கட்டும். பேப்பர் ஸ்டாருக்குள் பழைய குண்டு பல்பு போட்டால் சூட்டில் பேப்பர் கருகும்; குறைந்த வாட் எல்.இ.டி. பல்பு போடுங்கள். மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுவிடுவது கிறிஸ்துமஸ் செலவிலேயே உருப்படியான செலவு. ஸ்விட்ச் போடும் உரிமைக்குப் பிள்ளைகளுக்குள் சண்டை வரும், நாள் பிரித்துக் கொடுங்கள். ஈரக்கையோடு போடக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பக்கத்து வீட்டில் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார்கள். பலகாரம் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம், பார்த்துக் கொடுக்க வேண்டும். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர்களின் 41 நாள் விரதம் கிறிஸ்துமஸ் வரை வந்துவிடுகிறது. மார்கழி பிறந்த பிறகு மற்ற வீடுகளிலும் பலர் அசைவம் விட்டிருப்பார்கள். கேக்கில் முட்டை இருக்கும். அச்சு முறுக்கு மாவிலும் முட்டை சேர்க்கும் வீடுகள் உண்டு. முட்டை இல்லாத முந்திரிக்கொத்து, கல்கல், அதிரசம், பழம் வைத்துத் தனித் தட்டு கட்டுங்கள். முட்டை கலந்ததைப் பொரித்த எண்ணெயில் இதைப் பொரிக்காதீர்கள். விரதம் இருப்பவர் வெளிவீட்டுச் சமையலே சாப்பிடாதவராக இருந்தால் பழமும் பூவும் போதும், மனசு கோணாது.

இதைப் பிள்ளையிடம் சொல்லி, அந்தத் தட்டைப் பிள்ளை கையாலேயே கட்ட வையுங்கள். "சாமிக்கு முட்டை ஆகாது, அதனால இது வேற" என்று எட்டு வயசுப் பிள்ளை தெரிந்து வைத்திருப்பது பெரிய விஷயம். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நம் வீட்டுக்கு வந்த பாத்திரங்கள் எந்தெந்த வீட்டுடையவை என்றும் அவர்களையே கேளுங்கள், நம்மைவிட நன்றாக நினைவிருக்கும்.

அப்பா துபாயில். கிறிஸ்துமஸுக்கும் வர முடியாது. பிள்ளையை எப்படித் தேற்றுவது?

வருவார் போல ஆசை காட்டாதீர்கள், அது முதல். அமீரகத்திலும் சவூதியிலும் டிசம்பர் 25 பொதுவிடுமுறை இல்லை. அப்பாவுக்கு அன்று வேலை இருக்கலாம் என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நாம் காலை ஐந்து மணி ஆராதனைக்கு நிற்கும்போது அங்கே மூன்றரை. அதனால் 25 காலை போனில் பிடிப்பது கஷ்டம். 24 இரவு குழந்தை இயேசுவைக் குடிலில் வைக்கும் நேரத்தை அப்பாவின் அழைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்; நமக்குப் பத்து மணி, அவருக்கு எட்டரை. அவர் எண்ணிச் சொல்ல, பிள்ளை வைக்கட்டும்.

பலகாரம் கொடுத்தனுப்ப ஊருக்குப் போய்வருபவர் யாராவது கிடைப்பார். முந்திரிக்கொத்து நன்றாகத் தாங்கும். டப்பாவில் பிள்ளை ஒரு சீட்டு எழுதி வைக்கட்டும்.

இந்த வருஷம் ஆச்சி இறந்துவிட்டார்கள். ஸ்டார் கட்டவில்லை, பலகாரம் இல்லை. பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

துக்கம் நடந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸை அடக்கமாக வைப்பதும், சொந்தக்காரர்கள் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பதும் நம் வழக்கம். அதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் செய்வதுதான் அவர்களைக் குழப்புகிறது. "ஆச்சி இல்லாம சந்தோஷமா இருக்க மனசு வரல, அதனால இந்த வருஷம் சின்னதா வச்சிருக்கோம்" என்றால் போதும். ஞாயிறு பள்ளி நாடகத்திலிருந்து அவர்களை நிறுத்த வேண்டாம். ஆச்சியின் கல்லறைக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள், பூவை அவர்கள் வைக்கட்டும். குடில் வைப்பதா வேண்டாமா என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் மாறும். என்னைக் கேட்டால் வையுங்கள் என்பேன். அழுகை இருக்கும் வீட்டுக்கு அந்தக் குழந்தை வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

கையில் காசு இல்லை. பிள்ளைகளிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. எடுத்து வைத்த துணி சேற்றில் போன வீடுகளிலும் 25-ஆம் தேதி வந்தது, பிள்ளைகள் பள்ளிச் சீருடையிலோ கொடுத்த துணியிலோ ஆராதனைக்கு வந்து நின்றார்கள். பெற்றோர் மறைத்து மறைத்துக் கடன் வாங்குவதைவிட, "இவ்வளவுதான் இருக்கு, எதுக்குச் செலவு பண்ணலாம்?" என்று கூட உட்கார வைத்துக் கேட்பதைப் பிள்ளைகள் நன்றாகத் தாங்குகிறார்கள். பெரும்பாலும் ஸ்டாரையும் கேக்கையும் கேட்பார்கள், இரண்டுமே பெரிய செலவு இல்லை. அடுத்த வருஷத்துக்கு ஜனவரியிலேயே ஒரு சீட்டில் சேர்ந்துவிடுங்கள், தெரிந்தவர் நடத்துவதாகப் பார்த்து.

நள்ளிரவுப் பூசைக்கும் விடியற்காலை ஆராதனைக்கும் கைக்குழந்தையைக் கொண்டுபோகலாமா?

பனியில் காதை மூடி, தூங்கும் குழந்தையைத் தூங்கியபடியே கொண்டுபோகலாம். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மட்டும் உட்காராதீர்கள். சளி காய்ச்சல் இருந்தால் ஒருவர் வீட்டில் இருங்கள், அது எப்போதும் அம்மாவாகவே இருக்க வேண்டாம். பல கோயில்களில் 25 காலையிலும் பூசை உண்டு, மாறி மாறிப் போய்வரலாம்.

வெடி?

நம் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்கும் வெடி உண்டு. 2018-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளுக்கு 11.55 முதல் 12.30 வரைதான் நேரம் குறித்திருக்கிறது. பருத்தித் துணி, காலில் செருப்பு, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். வெடிக்காத வெடியைக் குனிந்து பார்க்கக் கூடாது. என் விருப்பம், மத்தாப்போடு நிறுத்திக்கொள்வது.

கடற்கரை ஊர்க்காரர்கள் நாங்கள். 26-ஆம் தேதி நினைவுப் பூசைக்குப் போகும்போது பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. குளச்சலிலும் மணக்குடியிலும் பிள்ளைகள் முந்தின நாள் புதுத்துணியோடு கடற்கரையில் விளையாடிய சூடு ஆறவில்லை. மணக்குடியில் பாலத்தையே அலை தூக்கிக்கொண்டு போனது. இன்றைய பிள்ளைகளின் பெற்றோரே அப்போது பிள்ளைகள்.

கேட்டால் சொல்லுங்கள், கேட்ட அளவுக்கு. யார் போனார்கள், அவர்களுக்கு உங்களுக்கு என்ன முறை, எப்படிச் சிரிப்பார்கள் என்று பேர் சொல்லிச் சொல்லுங்கள். "கடல் மறுபடி வருமா?" என்று கேட்டால், அப்போது எச்சரிக்கும் ஏற்பாடு இந்தியப் பெருங்கடலில் இல்லை, 2007 முதல் ஹைதராபாத்தில் அதற்கென்றே ஒரு மையம் இரவு பகலாக இயங்குகிறது என்று விளக்குங்கள். அலை உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்று மாலை வீட்டில் பாட்டுப் போடலாமா, கேக் சாப்பிடலாமா என்று பிள்ளைகள் தயங்கினால் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஸ்டாரையும் குடிலையும் எப்போது கழற்றுவது?

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். நகர்ந்துகொண்டே வந்த ஞானிகள் அன்றுதான் குடிலுக்குள் வர வேண்டும், அதற்கு முன் கலைத்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். பொம்மைகளைத் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றுங்கள். வைக்கோலை எடுத்து வைக்காதீர்கள், பூச்சி வரும். மாடு இருக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம், கேழ்வரகுப் பயிரையும் சேர்த்து. சீரியல் செட்டை அட்டையில் சுற்றி, எரியாத பல்பு எது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.